கலியாண வீட்டில் அடித்த அறுவடைத் திட்டம்

ஒரு சிறுபோக நெல் அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்னர், சாய்ந்தமருதில் ஒரு பகல் பொழுதில் நடந்தது இது. நெல்லும் கொம்பியூட்டரும் கலியாண வீடும் ஒரே கதைக்குள் வருவதால், நான் சொல்லும்போது சிலர் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்குக் காட்ட என் மணிக்கட்டில் ஒரு சாட்சி இருந்தது. அது இப்போது அழிந்துவிட்டது. ஆகவே நீங்கள் என் வாய்ச் சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

நான் ஓர் அரிசிக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிராந்திய அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் கந்தோர். நானும் மனேஜரும், இரண்டு மேசை, ஓர் அலுமாரி, அவ்வளவுதான். வயல்வெளியை எங்கள் பக்கத்தில் வட்டை வட்டையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வட்டையையும் மேற்பார்க்க ஒரு வட்டை விதானை இருப்பார். எந்த வட்டையிலிருந்து எந்தக் கிழமை, அதாவது எந்த வாரம், எத்தனை லொறி லோட் நெல் வரும் என்று முன்கூட்டியே கேட்டறிந்து, கொழும்புத் தலைமை அலுவலகத்தின் மென்பொருளில் பதிவது என் வேலை. அதைப் பார்த்துத்தான் அவர்கள் லொறிகளை ஒதுக்குவார்கள். இதை என் உம்மாவுக்கு எத்தனை முறை விளக்கினாலும், அயலவர்கள் கேட்டால், "என்ட மகள் கொம்பியூட்டருக்குள்ள நெல்லு வெதைக்கிறா" என்றுதான் சொல்வார். யோசித்துப் பார்த்தால் அதிலும் பிழையில்லை.

அந்த மென்பொருள் பார்ப்பதற்குச் சாதாரண ஷீட் போலத்தான் இருக்கும். இடப்பக்கம் வட்டைகளின் பெயர்கள், மேலே கிழமைகள். சாம்பல் நிறக் கட்டங்களில் நாம் கை வைக்க முடியாது, அவை கூட்டுத் தொகைகள், தாமாகவே மாறும். வெள்ளைக் கட்டங்களில் மட்டும் இலக்கம் அடிக்கலாம். அடித்ததும் கட்டம் மஞ்சளாகும். 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அது கொழும்புக்குப் போய்ச் சேரும். அழுத்த மறந்தால், விடிய விடிய அடித்திருந்தாலும் வீண்.

சோம்பேறிகளுக்கென்று அதில் இன்னொரு பொத்தானும் இருக்கிறது. ஒரு வட்டையின் மொத்தத் தொகையை மட்டும் அடித்துவிட்டு அதை அழுத்தினால், எல்லாக் கிழமைகளுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். பிஸ்கட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் அது சரியாக இருக்கலாம். நெல்லுக்குச் சரிவராது. ஒரு வட்டைக்கு வாய்க்கால் தண்ணீர் ஒன்றாக வரும், ஒன்றாக நிற்கும். விதைப்பும் ஒன்றாக, விளைச்சலும் ஒன்றாக. வெட்டு மிஷின் இறங்கினால் சில நாட்களுக்குள் வட்டை முழுவதையும் வழித்துக்கொண்டு போய்விடும். முந்திய கிழமை ஒரு மூட்டை நெல் இராது, அடுத்த கிழமை எத்தனை லொறி வந்தாலும் காணாது. அங்கே போய்ச் சமமாகப் பங்கிட்டால், நெல் இல்லாத வட்டையில் லொறி நிற்கும், நெல் குவிந்து கிடக்கும் வட்டையில் லொறி இராது.

கடற்கரைப் பக்கத்து வயல்களில் ஒரு நாள் பிந்தினால் பெரிய நட்டமில்லை. மாவடிப்பள்ளியில் வெட்டிய நெல் ஓர் இரவு களத்தில் கிடந்தால், யாராவது ஒருவர் பாயைப் போட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்வார். இறக்காமத்தில் அப்படி முடியாது. அங்கே யானை வரும்.

நான் இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் போகத்துத் திட்டம் நான் வருவதற்கு முன்னரே அந்தப் பங்கீட்டுப் பொத்தானால் போடப்பட்டது. இறக்காமத்தில் மேல் வட்டை என்று ஒன்று, காட்டோரம். அங்கே நெல் வெட்டிய அன்று லொறி ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. மறுநாள் காலை மனேஜரோடு நானும் போனேன். சாக்குகள் கிழிந்து கிடந்தன. தின்றதைவிட மிதித்தது அதிகம். ஒரு பெண் தன் வயலின் களத்தில் குனிந்து, விளக்குமாற்றால் மண்ணோடு சேர்த்து நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஏசுவார் என்று பயந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "வெயிலுக்குள்ள வந்திரிக்கிங்க, தண்ணி குடிக்கிறிங்களா புள்ள?" என்று கேட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த போகத்துக்கு அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை என்று மனேஜரிடம் சொன்னேன். ஒவ்வொரு வட்டை விதானையிடமும் நானே கேட்டு, ஒவ்வொரு கட்டமாகக் கையால் அடிப்பேன் என்றேன். "நெல்லு மணிய ஒவ்வொண்டா எண்ணப் போறிங்க போல" என்று அவர் சிரித்தார். ஆனால் தடுக்கவில்லை. நல்ல மனிதர், ஏதாவது புதிதாகச் செய்யப்போகிறேன் என்றால் முதலில் கேலி செய்வார், பிறகு நான் கேட்காமலே உதவிக்கு வருவார்.

விதானைமார் யாரும் எழுதி அனுப்புகிறவர்கள் அல்லர். வயலில் நின்றபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் அனுப்புவார்கள். அதிலும் இறக்காமத்து வட்டைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொறுப்பான விதானையார் இருக்கிறாரே, அவர் ஒரு தனி ரகம். சலாத்தில் தொடங்குவார். என் உம்மா வாப்பா சுகத்தை விசாரிப்பார். உழவு இயந்திரச் சத்தத்துக்கு மேலாக எங்கோ ஓரிடத்தில் இலக்கத்தைச் சொல்வார். பிறகு மழையைப் பற்றி, குளத்தைப் பற்றி, சந்தியில் பழுதான பாலத்தைப் பற்றிப் பேசுவார். இடையில் பக்கத்தில் யாராவது ஏதாவது சொன்னால் முதலில் சொன்ன இலக்கத்தை மாற்றிவிட்டு, மீண்டும் மழைக்குப் போய்விடுவார். கடைசிவரை கேட்காமல் அவரிடமிருந்து ஒரு கணக்கை எடுக்கவே ஏலாது. நான் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். அடித்தேன். அனுப்பினேன். கட்டங்கள் எல்லாம் நிறைந்து நின்ற அந்த ஷீட்டைப் பார்த்தபோது, ஒரு வயலை நானே நட்டு முடித்தது போல இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அன்று மாலை நாலு மணிக்குத் திட்டம் பூட்டப்படும். அதன் பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது, லொறிகள் அந்தப்படியே ஒதுக்கப்பட்டுவிடும். மனேஜர் மக்காவுக்கு உம்றாச் செய்யப் போயிருந்தார். முதல் தடவையாக எல்லாப் பொறுப்பும் என் தலையில். என் வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டதால் நான் நிம்மதியாக இருந்தேன். லைன் வேலைக்காக ஊர் முழுக்க மாலைவரை மின்சாரம் இராது என்றும் சொல்லியிருந்தார்கள். பகல் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு, கந்தோரைப் பூட்டிக்கொண்டு படி இறங்கும்போது கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது.

எல்லாப் பிராந்தியங்களின் திட்டங்களையும் ஒன்றாகச் சேர்க்கிற பெண் அவர். சிங்களப் பெண். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவர். நேரில் ஒருநாளும் கண்டதில்லை. அன்று அவருடைய குரல் அழுகிற நிலையில் இருந்தது.

"மிஸ், நான் பெரிய பிழை ஒன்னு செஞ்சிட்டேன். மிச்சம் சொரி மிஸ்."

வேறொரு பிராந்தியம் தன் கட்டங்களை வெறுமையாக விட்டிருந்ததாம். அதை நிரப்புவதற்காகச் சமப் பங்கீட்டை ஓடவிட்டபோது, தவறுதலாக எங்கள் பிராந்தியமும் அதில் அகப்பட்டுவிட்டதாம். நான் கையால் அடித்தது எல்லாம் போய், ஒவ்வொரு வட்டைக்கும் ஒவ்வொரு கிழமையும் ஒரே இலக்கம் உட்கார்ந்திருந்ததாம். நாலு மணியைப் பிற்போட மேலிடத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார், விடவில்லை. அவர் நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, யானைக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அவரே எடுத்துச் சொன்னதால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மின்சாரம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

என் மடிக்கணினியின் பற்றரி கிழடு. மின்சாரத்தில் குத்தாமல் சில நிமிடம்கூடத் தாங்காது. கந்தோரில் மின்சாரம் இல்லை. வீட்டிலும் இல்லை. கீழே புடைவைக் கடைக்காரர் மெழுகுதிரி வெளிச்சத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீதியில் அங்குமிங்கும் நடந்தேன். அப்போதுதான் கடற்கரைப் பக்கம் போகிற ஓர் ஒழுங்கைக்குள் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால், வாசலில் பந்தலும் வண்ண பல்புகளுமாக ஒரு கலியாண வீடு. கலியாணம் மறுநாள். பல்புகள் எரிகின்றனவா என்று பட்டப் பகலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டார் யாரென்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே மின்சாரம் இருக்கிறது என்பதுதான்.

வெட்கத்தைப் பார்த்தால் வேலை நடக்காது என்று சலாம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரேயடியாக எழுந்து நின்றார்கள். மணப்பெண்ணின் உம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ள வீட்டாலயா வாறிங்க? வாங்க வாங்க, இரிங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் நல்ல கதிரையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருவர் சர்பத் கொண்டு வந்தார், இன்னொருவர் வட்டிலப்பம் கொண்டு வந்தார். எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அதனால் கலியாணத்துக்கு முன்னர் மாப்பிள்ளை பக்கத்துப் பெண்கள் வந்து, அறை எப்படி, கட்டில் எப்படி என்று ஒரு கண் பார்த்துப் போவதுண்டு. அபாயாவும் பெரிய பையுமாகத் தனியே வந்து நின்ற என்னை அப்படி ஓர் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ஓடிவந்த களைப்பில் நான் சர்பத்தை வேறு மடமடவென்று குடித்துவிட்டேன். அந்த உம்மா என்னை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், ஒரு வெறும் மூலையைக் காட்டி, தவிப்போடு சொன்னார்.

"கட்டில் வந்துட்டு. அலுமாரி செய்யிற ஓடாவிதான் ஏமாத்திப்போட்டான். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள கட்டாயம் வந்திரும். மாப்பிள்ளட உம்மாக்கிட்டச் சொல்லிராதிங்க புள்ள."

"எனக்கு அலுமாரி வேணா மாமி, ப்ளக் பொயின்ட் ஒண்டுதான் வேணும்" என்றேன்.

 எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். கட்டிலின் ஓரத்தில், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்தபடி மணப்பெண் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை பச்சை மருதோன்றி, இன்னும் காயவில்லை. அவர் சிரிக்கத் தொடங்கியதும் உம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வட்டிலப்பம் கொண்டுவந்த பெண் மட்டும் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாமா என்று யோசிப்பது போல நின்றார்.

நான் மூச்சு வாங்க வாங்க விசயத்தைச் சொன்னேன். மென்பொருள், சமப் பங்கீடு எல்லாம் அவர்களுக்கு விளங்கியதா தெரியாது. இறக்காமம், நெல், லொறி, யானை, நாலு மணி. இந்த ஐந்தும் நன்றாக விளங்கிவிட்டன. அந்த உம்மாவின் தகப்பன் வழியில் யாரோ முன்பு அந்தப் பக்கம் வயல் செய்தவர்களாம். வேறு கேள்வியே கேட்கவில்லை. மணப்பெண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மேசையைப் போட்டு, அதிலிருந்த பவுடர், வளையல் எல்லாவற்றையும் ஒரே கையால் வழித்து எடுத்து, எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

மாவடிப்பள்ளிப் பக்கத்து வட்டைகளின் கணக்கு எனக்கு மனப்பாடம். மடிக்கணினியைக் குத்தி, போனிலிருந்து இணையத்தைக் கொடுத்து, அவற்றைக் கடகடவென்று அடித்து அனுப்பிவிட்டேன். இறக்காமத்துக் கணக்குதான் சிக்கல். விதானையாரின் குரல் பதிவுகளை மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும். வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு, பின்பக்கம் ஜெனரேட்டர். போனைக் காதில் வைத்தால் தட்டச்சுக்கு ஒரு கைதான் மிஞ்சும். அப்படி அடித்தால் நாலு மணி அல்ல, நாலு நாள் போனாலும் முடியாது. நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு மணப்பெண் அக்கா முறை வைத்துச் சொன்னார்:

"ராத்தா, என்ட கையிரண்டுக்கும் இண்டைக்கு லீவு. காதும் வாயும் சும்மாதான் இரிக்கி. போன என்ட காதுக்கிட்ட வைங்க, நான் கேட்டுச் சொல்றன், நீங்க அடிங்க."

அவர் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணித டியூஷன் கொடுக்கிறவராம். கணக்கைச் சொல்லத் தொடங்கியதுமே அது தெரிந்தது. தலையணைகளை அடுக்கி அதன் மேல் போனை வைத்தோம். அவர் காதைச் சாய்த்துக்கொண்டார். உம்மா வெளியே போய் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். பாட்டு நின்றதும், கலியாண வீட்டில் யாருக்கு என்ன நடந்துவிட்டதோ என்று அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். வெங்காயம் உரித்தவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கலியாண வீடொன்றில் பெண்கள் குசுகுசுத்துப் பேசியதை நான் என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

"கீழ் வட்டை, ரெண்டாங் கிழமை, ஆறு லோட்" என்று அவர் தெளிவாகச் சொல்வார். நான் அடித்துவிட்டுத் திருப்பிச் சொல்வேன். "சரி" என்றதும் அடுத்தது. என் விரல்களைப் பற்றி நானே பெருமையடிக்கக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அன்று அவை ஓடிய ஓட்டத்தை என் கம்பனிக்காரர்கள் பார்த்திருக்க வேண்டும். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னபோது எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அமைதியானார்கள். நானும் கையை எடுத்துவிட்டு இருந்தேன். அந்தச் சிறிது நேரத்தில் மணப்பெண்ணைப் பார்த்தேன். நாளைக்குக் கலியாணம். அவருடைய மனதில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கும்! அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்திக்காக, முன்பின் தெரியாத வயல்களின் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாங்கு முடிந்தது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமியது. "எண்ணெய் முடியப் போகுது, சுறுக்கா!" என்று வெளியிலிருந்து மணப்பெண்ணின் மாமா கத்தினார். நாளைக்கென்று வைத்திருந்த எண்ணெயில் கொஞ்சத்தை ஊற்றிவிட்டாராம், பிறகுதான் சொன்னார்கள்.

கடைசியாக மிஞ்சியது மேல் வட்டை. அந்தப் பெண் விளக்குமாற்றோடு நின்ற இடம். விதானையாரின் குரல் ஓடியது. மணப்பெண் சொன்னார்: "மேல் வட்டை, முதலாங் கிழமை, எட்டு லோட்." முதலாங் கிழமைக் கட்டத்தில் எட்டை அடித்தேன். கட்டம் மஞ்சளானது. மணியைப் பார்த்தேன். நாலாக இன்னும் மூன்று நிமிடம்தான் இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் 'அனுப்பு' பொத்தானுக்கு விரலைக் கொண்டு போனேன்.

போனில் விதானையார் மழைக்குப் போயிருந்தார். எனக்கு அது காதில் விழவே இல்லை. மணப்பெண் மட்டும் காதை எடுக்கவில்லை. திடீரென்று "பொறுங்க!" என்றார். ஜெனரேட்டர் சத்தத்துக்குள் அதுவும் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த நொடி, பச்சை மருதோன்றிக் கையால் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"மாத்திட்டாரு ராத்தா! மூண்டாங் கிழமையாம்!"

போனைத் திரும்ப ஓடவிட்டோம். ஆம், மழைக்கும் பாலத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வரி. "இஞ்ச ஒராள் சொல்றாரு, மேல் வட்டைக்குத் தண்ணி பிந்தித்தான் வந்ததாம், அப்ப அத மூண்டாங் கிழமைக்குப் போடுங்க மகள்." முன்னர் ஆறுதலாக அடித்தபோது அதைக் கேட்டுத்தான் அடித்திருந்தேன். அவசரத்தில் மறந்தே போனேன். அந்தக் கை என்னைப் பிடித்திருக்காவிட்டால், எட்டு லொறியும் நெல் முற்றாத வயலுக்குப் போய்த் திரும்பியிருக்கும். நெல் வெட்டிய அன்று மீண்டும் களத்தில் லொறி நின்றிருக்காது.

எட்டை அழித்து, மூன்றாங் கிழமைக் கட்டத்தில் அடித்து, அனுப்பினேன். மஞ்சள் கட்டங்கள் எல்லாம் வெள்ளையாகின. உடனே கொழும்புக்கு அழைத்தேன். அந்தப் பெண் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே காத்திருந்திருக்கிறார். "வந்திட்டு மிஸ், எல்லாம் வந்திட்டு! இப்போ பூட்டுது" என்றார். நான் போனை வைத்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னேன். வெளியே வெங்காயத்துக்கு முன்னால் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு மீண்டும் தொடங்கியது.

அப்போதுதான் மணப்பெண்ணின் வலக்கையைப் பார்த்தோம். உள்ளங்கையில் வரைந்திருந்த பெரிய பூ பாதி அழிந்து, சேறு போலக் கலங்கிக் கிடந்தது. கலியாணத்துக்கு முதல் நாள்! உம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.  மணப்பெண் மட்டும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது கிடக்கட்டும் உம்மா. மாப்பிள்ள கேட்டா, ஆனைய மறிச்ச கையெண்டு சொல்றன்" என்றார். அதன் பிறகு அங்கே யாராலும் கவலைப்பட முடியவில்லை. வட்டிலப்பம் எனக்கு இரண்டாம் முறையாகவும் வந்தது. இந்த முறை எனக்காகவே வந்தது.

அழிந்த பூவின் மற்றப் பாதி என் மணிக்கட்டில் இருந்தது. நான் அதை உடனே கழுவவில்லை. வீட்டுக்கு வந்து கழுவியபோது, நான்கு விரல்களின் தடமும் இரண்டு இதழ்களும் செம்மண் நிறத்தில் பதிந்திருந்தன. என் உம்மா பார்த்துவிட்டு, கந்தோரில் மருதோன்றியும் போடுவார்களா என்று கேட்டார்.

மறுநாள் அந்தக் கலியாணத்துக்கு நானும் போனேன். வராவிட்டால் கந்தோருக்கு ஆள் அனுப்பித் தூக்கிவரச் செய்வேன் என்று அந்த உம்மா மிரட்டியிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மணப்பெண்ணின் வலக்கையைப் பார்த்து இதென்ன என்று கேட்கக் கேட்க, அவர் ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு தடவையும் யானைகளின் தொகை கூடிக்கொண்டே போனது. நான் திருத்தவில்லை. அலுமாரியும் நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மாப்பிள்ளையின் உம்மா அதைத் திறந்து பார்க்கும்போது, பெண்ணின் உம்மா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அறுவடை வந்தது. மூன்றாங் கிழமையில் ஒரு காலை, கந்தோருக்குப் போய் மேசையில் உட்கார்ந்தபோது இறக்காமத்து விதானையாரின் குரல் பதிவு வந்திருந்தது. வழக்கம்போல சலாம், சுகம். பிறகு சொன்னார்: "மேல் வட்டையில நேத்துத்தான் வெட்டின மகள். லொறியெல்லாம் அஸருக்கே வந்து நிண்ட. பொழுதுபட்டு மஃரிபாக முதல் ஒரு சாக்கும் மிச்சமில்ல. ராவைக்கு ஆனை வந்ததுதான். வந்து வெறுங் களத்தப் பாத்துட்டு, ஒண்டும் இல்லண்டு திரும்பிப் போயிட்டு."

நான் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உம்றா முடித்து வந்திருந்த மனேஜரை அழைக்கப் போனேன். பிறகு நினைவு வந்தது, இது விதானையாரின் பதிவு, இன்னும் முடியவில்லை. உட்கார்ந்து மீதியையும் கேட்டேன். மழை வந்தது, குளம் வந்தது, பாலம் இன்னும் பழுதாகத்தான் கிடந்தது. எல்லாவற்றுக்கும் பிறகு, தூரத்தில் ஒரு பெண்ணின் குரல். "அந்த லொறிப் புள்ளையோடயா கதைக்கிறிங்க? ஒருநாளைக்கு இஞ்சால வரச் சொல்லுங்க. அண்டைக்குத் தண்ணியும் ஒழுங்காக் குடிக்காமப் போனவ." பதிவு அதோடு முடிந்தது.

அதை அப்படியே அந்த மணப்பெண்ணுக்கு அனுப்பி வைத்தேன். கடைசிவரை கேளுங்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டிய தேவையில்லை. அந்தக் கிழமையே இறக்காமத்துக்குப் போய், அந்தப் பெண்ணின் கையால் ஒரு செம்பு தண்ணீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன். மணிக்கட்டில் மருதோன்றி அப்போது மங்கி, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவில் இருந்தது.

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் கொஞ்சம் கூச்சத்தோடு "சும்மா டேட்டா அடிக்கிறது" என்பேன். இப்போது என் உம்மாவின் பதிலையே, கொம்பியூட்டருக்குள் நெல் விதைக்கிறேன் என்று, நிமிர்ந்து நின்று சொல்கிறேன். ஒவ்வொரு போகத்திலும் வெள்ளைக் கட்டத்துக்குள் இலக்கத்தை அடித்துவிட்டு 'அனுப்பு' பொத்தானுக்கு விரலைக் கொண்டு போகும்போது, என் வலக்கை மணிக்கட்டை ஈரமான ஒரு கை வந்து பிடிக்கிறது. நான் ஒரு கணம் நின்று, விதானையாரின் மழையையும் பாலத்தையும் கடைசிவரை கேட்டு முடித்துவிட்டுத்தான் அழுத்துகிறேன்.